கண்டியின் கடைசி மன்னன்

பேரரசுகள் எழுவதையும் வீழ்வதையும் முன்கூட்டி அறிதல் கூடுமோ என்பது அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா. கோள்நிலை நோக்கிக் கூறுவோர் ஒருபுறம். நாடுகளின் வலியும் மெலிவும் நிறுத்துக் கூறுவோர் மறுபுறம். இவ்விரு சாரார் கணக்கிற்கும் உரைகல்லாக அமையத்தக்க வாழ்க்கை வரலாறு ஒன்று நம் கண்டி மாநகரிலேயே உண்டு. கண்ணுசாமி என்னும் இயற்பெயரோடு பிறந்து, சிறீ விக்கிரம இராசசிங்கன் என்னும் அபிடேகப் பெயரோடு 17 ஆண்டுகள் மலைநாட்டை ஆண்டு, வேலூர்க் கோட்டையிலே சிறையிருந்து மறைந்த மன்னனின் வரலாறே அது.

யான் இந்நகரிலே பல்லாண்டுகளாகத் திருக்குறட் பொருட்பாலைக் கற்பித்து வருபவன். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தமைக்குக் காரணம் யாது என்று மாணாக்கர் வினவும்போதெல்லாம், நூலை மூடிவைத்துவிட்டு இம்மன்னனின் கதையைச் சொல்லத் தொடங்குவேன். அவன் ஏன் வீழ்ந்தான் என்று யான் திருப்பிக் கேட்டால், வகுப்பு இரண்டாகப் பிரியும். கொடுங்கோலன் ஆகையால் வீழ்ந்தான் என்பர் ஒரு பகுதியினர். அமைச்சர் காட்டிக் கொடுத்தமையால் வீழ்ந்தான் என்பர் மற்றையோர். இரண்டு விடையும் பொய்யல்ல. ஆயின் இரண்டும் போதா. கொடியவராய் வாழ்ந்து மஞ்சத்திலே இறந்த மன்னர் உலக வரலாற்றில் மிகப் பலர். அமைச்சர் பகைத்தும் அரசு நிலைத்த நாடுகளும் பல. மற்றோரிடத்தில் அரசனை மட்டும் கவிழ்த்திருக்கக் கூடிய பிழைகள், இங்கு இருநூறாண்டுக்கு மேலாக நின்ற ஓர் அரசையே கவிழ்த்தன. அதற்குக் காரணம் காண, அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதையைச் சற்றே நோக்க வேண்டும்.

இரு பகைவர் இடையே ஒரு வாழ்வு

கண்டி அரசு மலையரணாலும் காட்டரணாலும் காக்கப்பட்டது என்பர். உண்மையே. 1594-இல் தந்துரையிலும், 1630-இல் இரந்தெனிவலையிலும், 1638-இல் பேராதனைக்கு எதிரே மகாவலி கங்கையின் மறுகரையிலுள்ள கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படைகள் சிதறுண்டமைக்கு மலையும் காடும் பெருந்துணை செய்தன. எனினும் அரண் மட்டும் ஓர் அரசை இருநூறாண்டு காத்தல் அரிது. கண்டி மன்னர் கையாண்ட மற்றோர் அரண் கண்ணுக்குப் புலப்படாதது. கடற்கரையை ஒருவன் பற்றியிருப்பின், அவனுக்குப் பகைவனான இன்னொருவனைக் கடல்கடந்து அழைப்பதே அது.

பக்கத்து நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என வட்டம் வட்டமாக வகுத்துரைக்கும் கௌடிலியரின் மண்டலக் கோட்பாட்டை நம்மவர் அறிவர். மேனாட்டறிஞர் இதனையே வலிச்சமநிலை என்னும் பெயரால் ஆராய்வர். கண்டி மன்னர் ஏட்டிலே கற்றாரோ இல்லையோ, செயலிலே இதனைக் கற்றிருந்தனர். இரண்டாம் இராசசிங்கன் 1638-இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து போர்த்துக்கேயரை எதிர்த்தான். 1658-இல் போர்த்துக்கேயர் இலங்கையினின்றும் முற்றாக வெளியேற்றப்பட்டனர். ஆயின் கைப்பற்றிய துறைமுகங்களை ஒல்லாந்தர் விடவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் இதனைக் குறித்துரைப்பர்.

ஒல்லாந்தருக்கு எதிராக மூன்றாம் துணை தேடும் முயற்சி அதன்பின் தொடர்ந்தது. 1762-இல் சென்னையிலிருந்து பைபசு என்னும் ஆங்கிலத் தூதர் கண்டிக்கு வந்தார். பேச்சு நிகழ்ந்தது, பயன் விளையவில்லை. 1765-இல் ஒல்லாந்தர் படை கண்டி நகருள்ளேயே புகுந்து பின்னர் மீண்டது. 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கடற்கரை முழுவதும் அவர் வசமாக, கண்டி நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட நாடாயிற்று. உப்பிற்கும் பிறர் கையை நோக்கும் நிலை அதற்கு நேர்ந்தது. 1782-இல் மீண்டும் ஆங்கிலத் தூதராக ஹியூ பொயிட் வந்தபோது, முன்னைய தூதின் கசப்பை மறவாத கண்டி அரசவை அவரை வெறுங்கையோடு அனுப்பியது. மறுத்தற்கும் ஏற்றற்கும் அன்று கண்டிக்கு உரிமை இருந்தது. கடலில் இருவர் மூவர் போட்டியிட்டமையால் வந்த உரிமை அது.

நாயக்கர் குடியிற் பிறந்த இளைஞன்

1739-இல் வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தான். மதுரை நாயக்கர் குடிவழியில் வந்த அவன் தேவியின் உடன்பிறந்தான் சிறீ விசய இராசசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அவனுக்குப் பின் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1747 முதல் 1782 வரையும், அவன் தம்பி இராசாதி இராசசிங்கன் 1798 வரையும் ஆண்டனர். இம்மன்னர் பௌத்த சமயத்தைத் தழுவி அதனைப் போற்றிக் காத்தனர். வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சிக்குத் துணைநின்று, 1753-இல் சீயத்திலிருந்து துறவியரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா முறையை மீண்டும் நிறுவியவன் கீர்த்தி சிறீ இராசசிங்கனே. ஆயினும் அரசரின் உறவினர் தனித் தெருவிலே, பின்னாளில் மலபார் வீதி என வழங்கிய இடத்திலே, தம் பழக்கவழக்கங்களோடு வாழ்ந்தனர். அரசனை உள்ளத்தால் ஏற்ற பிரதானிகளும் அவன் சுற்றத்தை அயலாராகவே எண்ணினர். இந்தச் சிறு விரிசலைக் குறித்துக்கொள்க.

கண்ணுசாமி 1780-இல் பிறந்தான். இராசாதி இராசசிங்கனின் தேவியருள் ஒருத்திக்கு அவன் உடன்பிறந்தாள் மகன். 1798-இல் அம்மன்னன் மகப்பேறின்றி இறந்தபோது, பட்டத்துக்கு நெருங்கிய உரிமை கோரியவர் வேறு சிலர் இருந்தனர். இறந்த மன்னனின் தேவிக்கு உடன்பிறந்தவனான முத்துசாமி அவருள் ஒருவன். ஆனால் முதல் அதிகாராக விளங்கிய பிலிமத்தலாவை, பதினெட்டு வயதே நிரம்பிய கண்ணுசாமியைத் தேர்ந்து அரியணையில் அமர்த்தினார். இளையவன் தம் சொற்படி ஒழுகுவான் என்பது அவர் போட்ட கணக்கு. முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். இவ்வரலாற்றிலே வரும் கணக்குகள் பல. அவற்றுள் முதலிற் பொய்த்தது பிலிமத்தலாவையுடைய கணக்கே. சிறுவன் எனக் கருதப்பட்டவன் சில ஆண்டுகளில் தன் அரசைத் தானே நடத்தத் தலைப்பட்டான்.

கடலில் வந்த மாற்றம்

இளைஞன் முடிசூடுவதற்கு முன்பே, அவன் நாட்டின் விதியைத் தொடும் நிகழ்ச்சியொன்று ஐரோப்பாவில் நடந்துவிட்டது. 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. அந்நாட்டுத் தலைவர் இங்கிலாந்துக்கு ஓடினார். குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயர் காவலில் விடுமாறு கடிதங்கள் எழுதினார். இலங்கையின் ஒல்லாந்தர் கோட்டைகளைக் காத்து நின்ற சுவிற்சர்லாந்துக் கூலிப்படையை, ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் ஒருவராகிய கிளெகோர்ன், படைத்தலைவரோடு பேசி ஆங்கிலேயர் பக்கம் திருப்பினார். திருகோணமலையும் யாழ்ப்பாணமும் 1795-இல் வீழ்ந்தன. 1796 பெப்ரவரியிற் கொழும்பு சரணடைந்தது. அதே ஆண்டிலே கண்டித் தூதுவர் சென்னையிற் பேசி முடித்த உடன்படிக்கையில் அரசன் இராசாதி இராசசிங்கன் ஒப்பமிடவில்லை. இன்னும் சாலச் சிறந்த நிபந்தனை பெறலாம் என்று அவன் காத்திருந்தான் போலும். முந்தைய காலத்தில் அவ்வாறு காத்திருத்தல் நன்மையே தந்திருக்கும். இம்முறை பேரம் பேசுதற்கு மற்றொரு வணிகன் சந்தையில் இல்லை.

1799 மே மாதத்திற் சிறீரங்கபட்டினத்திலே திப்பு சுல்தான் வீழ்ந்தான். அவன் மக்கள் வேலூர்க் கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டனர். 1802-இல் ஆமியென்சு உடன்படிக்கையால் இலங்கையின் கரைநாடு ஆங்கில முடியின் சொத்தென்பது உறுதியாயிற்று. தென்னாட்டிலே கண்டிக்குக் கைகொடுக்கத்தக்க வல்லரசு எதுவும் எஞ்சவில்லை. இவற்றையெல்லாம் அருகருகே வைத்து நோக்கிய ஒருவன், கண்டியின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று 1802-லேயே கூறியிருக்கலாம். கூறியிருந்தால், அடுத்த ஆண்டே அவன் நகைப்புக்கு இடமாகியிருப்பான்.

1803: கணக்கு பொய்த்த ஆண்டு

ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த்து 1798-இல் வந்தவர். பிலிமத்தலாவை 1799 முதல் அவரை அவிசாவளை முதலிய இடங்களிலே மறைவாகக் கண்டு, தாமே நிறுத்திய அரசனைத் தொலைக்க வழிதேடினார். இருவரும் ஒருவரையொருவர் கருவியாக்க முயன்றனர், இருவரும் தோற்றனர். பாக்கு வணிகர் சிலர் கண்டியாராற் பறிமுதல் செய்யப்பட்டதைக் காரணங்காட்டி, 1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. நகர் வெறிச்சோடிக் கிடந்தது, அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. மன்னன் மலைக்காட்டுள் அகன்றிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமிக்கு முடிசூட்டினர். ஆனால் அவனை வணங்கக் குடிமகன் ஒருவனும் வரவில்லை.

பின்பு மழை வந்தது. காய்ச்சலும் வந்தது. உணவுவழி அடைபட்டது. தளபதி மக்டவல் பெரும்படையோடு திரும்பிவிட, மேசர் டேவியின் கீழ் விடப்பட்ட காவற்படை நோயாற் குறைந்தது. யூன் 24-ஆம் நாள் அது சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்டது. வத்தப்புளுவைத் துறையில் மகாவலி பெருகிக் கிடந்தமையாற் கடக்க இயலாது நின்றபோது முத்துசாமி கேட்டுப் பெறப்பட்டுக் கொல்லப்பட்டான்; படைஞரும் கொல்லப்பட்டனர்; நோய்வாய்ப்பட்டு நகரிலே கிடந்தவரும் தப்பவில்லை. டேவி இறுதிவரை கண்டியிற் கைதியாகவே இருந்து மாண்டார்.

சரணடைந்தவரைக் கொன்றது அறமன்று. இதனை மறைக்க யான் விரும்பேன். ஆயினும் ஈண்டு நாம் நோக்க வேண்டுவது வேறொன்று. சிறீரங்கபட்டினத்தின் பெருங்கோட்டையைத் தகர்த்த வல்லரசு, பீரங்கி மிகுதியில்லாத ஒரு மலைநாட்டிடம் தோற்றது. வலியறிதற் கணக்கின்படி தோற்றிருக்கக் கூடாது. காலமும் இடமும் அக்கணக்கைத் திருத்தின. இருபத்துமூன்று வயது மன்னன் அன்று வெற்றிவேந்தன். ஆனால் அதே ஆண்டிலே அவன் கரைநாட்டின்மேற் படையெடுத்து அன்வெல்லையிலே முறியடிக்கப்பட்டான். மலையிலிருந்து அவனை இறக்கவும் ஆங்கிலேயரால் இயலவில்லை. கடலிலிருந்து ஆங்கிலேயரை அகற்றவும் அவனால் இயலவில்லை. 1805-இல் வந்த தேசாதிபதி மெயிட்லண்ட் போரையும் தொடரவில்லை, உடன்படிக்கையும் செய்யவில்லை. நெப்போலியனோடு உயிர்ப்போர் புரிந்துகொண்டிருந்த ஆங்கில அரசுக்குக் கண்டியின் காட்டிலே இழக்க ஆளும் பொருளும் மிகையாக இல்லை. மன்னனுக்குக் கிடைத்த அந்த அமைதி, ஐரோப்பாவின் போர் அவனுக்கு அளித்த கடன் எனலாம்.

அச்சத்தின் ஆட்சி

அந்த அமைதிக் காலத்திலேதான் இன்று நம் கண்முன் நிற்கும் கண்டி உருவாயிற்று. 1807-க்கும் 1812-க்கும் இடையே வயலாகக் கிடந்த நிலம் வாவியாக்கப்பட்டது. தலதா மாளிகையின் முகப்பில் எண்கோண வடிவான பத்திரிப்புவ எழுந்தது. அலையலையாக வளைந்து செல்லும் சுற்றுமதிலும் இம்மன்னன் காலத்ததே. சிற்பி தேவேந்திர மூலாசாரியின் பெயரோடு இவ்வேலைகள் இணைத்துப் பேசப்படுகின்றன. மாலையிலே வாவிக்கரையில் உலவும் நாம் யாவரும் அவன் கட்டிய அழகிலே பங்குகொள்கின்றோம். அவ்வழகை அன்று கட்டியது இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம். பயிர் செய்ய வேண்டிய பருவத்தில் மண் சுமந்த குடிகளின் முணுமுணுப்பைப் பிரதானிகள் கேட்டனர். அதனைத் தம் முணுமுணுப்போடு சேர்த்துக்கொண்டனர்.

மன்னன் அறியாதவனல்லன். ஆங்கிலேயர் மீண்டும் வருவர் என்பது அவனுக்குத் தெரியும். அமைச்சர் துணையின்றி அவர் வெல்லல் அரிது என்பதும் 1803 கற்பித்த பாடம். ஆகவே, அமைச்சரைக் கண்காணிப்பதே அரசைக் காக்கும் வழி என்று அவன் துணிந்தான். தன் உயிர்க்குச் சூழ்ச்சி செய்தமைக்காகப் பிலிமத்தலாவைக்கு 1811-ஆம் ஆண்டளவிலே மரணதண்டனை விதித்தான். அவரிடத்துக்கு எகலப்பொலை வந்தார். ஐயமும் அவரோடு கூடவே வந்தது. 1814-இல் எகலப்பொலை சபரகமுவையிற் கிளர்ச்சி செய்து தோற்று ஆங்கிலேயரிடம் ஓடினார். அவர் மனைவியும் மக்களும் நகரிலே மன்னன் கையில் இருந்தனர். சிறுவரின் தலைகள் கொய்யப்பட்டன. தாய் போகம்பறைக் குளத்தில் ஆழ்த்தப்பட்டாள். மூத்தவன் அஞ்சி நிற்க, இளையவனான மத்தும பண்டார முன்வந்து கழுத்தை நீட்டிய செய்தியைக் கண்டியிற் குழந்தையும் அறியும்.

வெற்றி பெற்றவர் எழுதிய ஏடுகள் இம்மன்னனின் கொடுமையைப் பெருக்கிக் கூறின என்பர் ஆராய்ச்சியாளர். பெருக்கியும் இருக்கலாம். ஆனால் இச்செயலுக்கு மறுமொழி எம்மிடம் இல்லை. தமிழ் வழியில் வந்தவன் என்பதற்காக இதனை மென்மையாக்கிப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று. அரசியல் நோக்கிலும் அது பெரும் பிழையே. ஐயத்துக்கு இடமானவரை மட்டும் தண்டித்த வரையில், ஏனைய பிரதானிகள் தத்தம் இல்லத்திலே உறங்கினர். குழந்தைகள் மாண்ட அன்று, தம் குழந்தைகளை நினையாத பிரதானி ஒருவரும் இருந்திரார். துரோகம் வரும் என்று அஞ்சி அவன் செய்த காவலே, துரோகம் எண்ணாதிருந்தவரையும் அதனுள் தள்ளியது.

நாற்பது நாளில் முடிந்த அரசு

1801-இல் இலங்கைக்கு வந்த ஜோன் டொயிலி என்னும் ஆங்கில அலுவலர் மாத்தறையிலே கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் பயின்றார். பின்னர் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராகிக் கண்டி முழுவதும் ஒற்றர் வலையொன்றைப் பின்னினார். எந்தப் பிரதானி எதனால் மனம் நொந்தார், எந்தக் கணவாயிலே காவல் தளர்ந்தது என்பனவெல்லாம் கொழும்புக்கு ஓலையாக வந்துகொண்டிருந்தன. ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைக் கண்டியில் அன்று ஓர் ஆங்கிலேயரே கற்றுத் தெளிந்திருந்தார் என்னலாம்.

அதற்கிடையே கடலிலும் இறுதிக் கதவு அடைபட்டது. 1810 திசெம்பரில் பிரெஞ்சுக்காரரின் மொரிசியசுத் தீவையும், 1811-இல் யாவாவையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இந்துமாகடலில் அவர்களுக்கு எதிராக நிற்கும் கடற்படைத்தளம் எதுவும் இல்லாதாயிற்று. 1812-இல் வந்த தேசாதிபதி பிரவுன்றிக் காத்திருந்தார். போரைத் தவிர்க்கவே இலண்டன் விரும்பியது. ஆயின் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட வணிகர் பதின்மர் கண்டியில் ஒற்றர் எனப் பிடிக்கப்பட்டு உறுப்பறுக்கப்பட்டனர். 1815 சனவரி 10-இல் போர் தொடங்கியது. பல திசைகளிலிருந்தும் படைகள் மலையேறின. இம்முறை பிரதானிகள் வழிகாட்டினர். முதல் அதிகாராக இருந்த மொல்லிகொடையும் மாற்றார் பக்கம் சேர்ந்தார். பெருஞ்சமர் ஒன்றும் நிகழாமலே பெப்ரவரி நடுப்பகுதியில் நகர் வீழ்ந்தது. பெப்ரவரி 18-ஆம் நாள் மெதமகாநுவரைப் பகுதியிலே ஒரு வீட்டில் மறைந்திருந்த மன்னன், எகலப்பொலை சார்பினராற் பிடிபட்டுக் கயிற்றாற் பிணிக்கப்பட்டான்.

மார்ச்சு 2-ஆம் நாள் மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. மன்னன் முடியிழந்தான் என்றும், அவன் சுற்றத்து ஆடவர் மலைநாட்டுள் புகலாகாது என்றும், பௌத்த சமயம் காக்கப்படும் என்றும் அது கூறியது. தமிழ் வழி மன்னனை விலக்கிய அவ்வேட்டிலே பிரதானிகள் சிலரின் ஒப்பங்கள் தமிழெழுத்திலே அமைந்திருப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வேறொரு விந்தையும் உண்டு. அதற்கு முதல்நாள், மார்ச்சு 1-ஆம் நாளன்று, எல்பாத் தீவினின்று தப்பிய நெப்போலியன் பிரெஞ்சுக் கரையில் இறங்கியிருந்தான். ஐரோப்பாவின் வருங்காலத்தை வியன்னா நகரிலே கூடி வரைந்துகொண்டிருந்த பேரறிஞர் எவரும் அதனை எதிர்பார்த்திருக்கவில்லை. அச்செய்தி அறியாமலே கண்டி தன் ஒப்பத்தை இட்டது.

வேலூர்

1816 சனவரி 24-இல் மன்னனும் தேவியரும் சுற்றமும் கொழும்பிலே கோர்ன்வாலிசு என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். சென்னை வழியாக வேலூர்க் கோட்டையை அடைந்தனர். திப்புவின் மக்கள் முன்பு இருந்த அதே கோட்டை. அங்கே பதினாறாண்டு வாழ்ந்து, நீர்க்கோவை நோயால் 1832 சனவரி 30-இல், தன் 52-ஆம் வயதில் அவன் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனை நினைவுறுத்தும் முத்துமண்டபம் 1990-இல் எழுப்பப்பட்டது. அவனுடைய அரியணை இங்கிலாந்திலிருந்து 1934-இல் மீண்டு, கொழும்பு நூதனசாலையிற் காட்சிப் பொருளாயிற்று.

மற்றையோர் முடிவும் அறியத்தக்கது. அரசனாகலாம் என்று எண்ணிய எகலப்பொலை மொரிசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829-இல் மாண்டார். ஆங்கிலேயர் மன்னனை அகற்றிவிட்டுத் தம்மிடம் நாட்டை விட்டுச் செல்வர் என்று நம்பிய பிரதானிகள், இரண்டே ஆண்டில், 1817-இல், ஊவாவிற் கிளர்ந்தெழுந்த மக்களோடு சேர்ந்தனர். கெப்பெட்டிப்பொலை 1818 நவம்பர் 26-இல் தலையிழந்தார். கண்டியிலே அமைதி நிலவும் என்று எழுதிய ஆங்கிலேயர் கணக்கும் அவ்வாறே பொய்த்தது. டொயிலி 1824-இல் இந்நகரிலேயே காய்ச்சலால் இறந்து, தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள ஆங்கிலேயர் மயானத்தில் உறங்குகிறார்.

முன்னறிதல் எதுவரை?

மலையை ஊடுருவி வழிசமைப்பவனே கண்டியை வெல்வான் என்று பழைய வாக்கு ஒன்று இருந்ததாகவும், கடுகண்ணாவையிற் குடைந்த பாறை அதனை மெய்ப்பித்ததாகவும் கதை வழங்குகிறது. அப்பெருந்தெரு 1820-களில் அமைந்தது. நாடு வீழ்ந்து ஐந்தாண்டுக்குப் பின்னர் நிறைவேறிய வாக்கை யாம் என்னென்பது! நிகழ்ந்தபின் எல்லாம் நிகழ்ந்தே தீரவேண்டியதாகத் தோன்றும். இது சோதிடர்க்கு மட்டும் உரிய குறையன்று. 1991 திசெம்பரிற் சோவியத்து ஒன்றியம் கலைந்தபோது, நாடுகளின் உறவை நுணுகி ஆராய்ந்த பெருங்கல்வியாளரும் அதனை முன்னறிந்து கூறாதிருந்தனர். ஜோன் லூயிசு காடிசு என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் மறு ஆண்டிலே இதனைச் சுட்டிக்காட்டி, அத்துறையின் கோட்பாடுகளால் விளைந்த பயன் யாது என்று வினவினார். கோட்பாடு காரணத்தையும் போக்கையும் விளக்குமேயன்றி நாளையும் ஆளையும் குறித்துத் தாராது என்பது, கென்னத்து வோல்ற்சு போன்றார் வழிநின்று கூறத்தக்க மறுமொழி.

இரு திறத்தார்க்கும் கண்டி மன்னனின் வாழ்க்கை சான்றாகிறது. 1803-ஐயும் 1815-ஐயும் அருகே வைத்துப் பாருங்கள். அதே மலை, அதே காய்ச்சல், அதே மன்னன், அதே பகைவன். 1803 தொடக்கத்தில் கண்டி வீழும் என்றவன் தவறினான். 1815 தொடக்கத்தில் முன்னைய தோல்வியை நினைந்து கண்டி நிற்கும் என்றவனும் தவறினான். குழந்தைகள் கொல்லப்படாதிருந்தால், மழை முந்தியிருந்தால், நெப்போலியன் ஓராண்டு முன்னரே எல்பாவை விட்டிருந்தால், 1815 மற்றொரு 1803 ஆகியிருக்கலாம். நாளை எவராலும் கூறியிருக்க இயலாது.

ஆயின் போக்கை அறிந்திருக்க இயலும். 1796-க்கு முன் கண்டிக்கு ஒரு பிழை செய்தால் அதனைத் திருத்த இடமிருந்தது; ஒருவன் பகைத்தால் மற்றொருவனை அழைக்கலாம். 1796-க்குப் பின் அவ்விடம் சுருங்கியது. 1811-க்குப் பின் இல்லையாயிற்று. ஒரே வல்லரசு நாற்புறமும் சூழ்ந்த நாட்டில் அரசனின் சினமும், அமைச்சரின் பேராசையும், வணிகர் பதின்மர் துயரும் ஒவ்வொன்றும் அரசையே கவிழ்க்கும் ஆற்றல் பெற்றுவிடுகின்றன. முன்னைய மன்னரும் அமைச்சரைக் கொன்றதுண்டு. முன்னைய அமைச்சரும் சூழ்ச்சி செய்ததுண்டு. 1760-இற் கீர்த்தி சிறீ இராசசிங்கனுக்கு எதிராக எழுந்த சூழ்ச்சி ஓர் அரண்மனைச் செய்தியாகவே முடிந்தது. அரை நூற்றாண்டின் பின் எழுந்த சூழ்ச்சி, நாட்டின் முடிவாயிற்று. பிழை பழையது, பிழையைப் பொறுக்கும் சூழல் மறைந்துவிட்டது.

சிறிய நாடுகள் இதிலிருந்து கற்கத்தக்கது தெளிவு. பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடுவே கிடந்த சீயம், இருவரும் இருந்தமையால் இருவருக்கும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்துத் தன் முடியைக் காத்தது. துணை தேடத் தக்க இரண்டாமவன் இல்லாத நாடு, எஞ்சிய ஓர் அரணாகிய தன் மக்களின் நெஞ்சத்தைக் கண்போற் காத்திருத்தல் வேண்டும். கண்டி மன்னன் வெளியே கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்ட அதே காலத்தில், உள்ளே இருந்த அரணையும் தன் கையாலேயே இடித்தான். அவனைக் கொடியன் என்று இகழ்ந்து நிறுத்தினும், காட்டிக்கொடுக்கப்பட்டவன் என்று இரங்கி நிறுத்தினும், இப்பாடம் நம் கையை விட்டு நழுவிவிடும்.

ஆகவே, மாணாக்கர்க்கு யான் கூறுவது இது. அரசு வீழும் நாளைக் கூறுவோரிடம் செவி கொடாதீர்கள். அவர் சோதிடராயினும் பேராசிரியராயினும் ஆகுக. எந்தக் கதவு எப்போது அடைபட்டது என்று கேட்பாரிடம் பாடம் கேளுங்கள். உட்பகை என்னும் அதிகாரத்தை அரண் என்னும் அதிகாரத்தோடு சேர்த்துப் படியுங்கள். பின்னர் ஒருநாள் மெதமகாநுவரைக்குச் சென்று, ஒரு மன்னன் இறுதியாக ஒளிந்த மலைச்சரிவைப் பார்த்து வாருங்கள். இருநூறாண்டு பகைவரை மறித்த மலைகள் அங்கிருந்து நாற்புறமும் தோன்றும். அவை அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கின்றன.